பதின்மூன்றாவது ஆட்டக்காரன்

மில்வாக்கியில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மாலை ஆறு மணிக்கு முன்பே போய்விட வேண்டும், அதிகாரி அவர்களே. ஆறரைக்குப் போனால் உருளைக்கிழங்கு அடை தீர்ந்திருக்கும். ஏழு மணிக்குப் போனால் கம்பு ரொட்டியும் இராது, பரிமாறுகிறவளுக்கு முகம் கொடுத்துப் பேச நேரமும் இராது. முப்பத்தோராண்டுகளாக ஒரே உணவகத்தில், ஒரே மேசையில் அமர்ந்து நான் உண்டு வருகிறேன். எல்மர் அர்சுவின் கால் முறிந்த வெள்ளிக்கிழமையும் மருத்துவமனையிலிருந்து நேரே அங்குதான் போனேன். அதைக் குறித்துக்கொள்கிறீர்கள். தாராளமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பசித்தவன் உண்டான் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது.

என் பெயர் நார்பர்ட் ஜெலின்ஸ்கி. வயது ஐம்பத்தொன்பது. ஹார்பர் கால்பந்துக் கழகத்தில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பழைய தடுப்பாட்டக்காரன் கீத் ராடமாக்கர் சென்ற வாரம் உங்களிடம் வந்து ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அதைப் படித்தேன். பெரும்பகுதி உண்மை. ஒரே ஒரு சொல் தவறு. அந்தச் சொல்லைத் திருத்துவதற்காகவே, வழக்கறிஞர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன்.

உங்களுக்குக் கால்பந்தில் ஆர்வமில்லை என்றீர்கள். எனவே விதியை முதலில் சொல்லிவிடுகிறேன்; விதி தெரியாதவர்களுக்கு என் செயல் கொடுமையாகத் தோன்றும்.

எங்கள் லீக் வளர்ந்து வருகிற லீக். புதிது புதிதாக நகரங்கள் கழகம் கேட்டு வருகின்றன. அப்படி வருகிற கழகத்துக்கு அரங்கம் இருக்கும், கொடி இருக்கும், ரசிகர்கள் பாடப் பாட்டுகூட இருக்கும். ஆட்டக்காரர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். ஆகவே பழைய கழகங்கள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பழைய கழகமும் பன்னிரண்டு பெயர்களை எழுதி, இவர்களைத் தொடாதே என்று டிசம்பரில் அறிவிக்கும். அதற்குக் காப்புப் பட்டியல் என்று பெயர். கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த இளைஞர்களுக்கு எழுதாமலே காப்பு உண்டு. மற்றவர்களெல்லாம் வெட்டவெளியில் நிற்பார்கள். புதிய கழகம் அவர்களிலிருந்து மொத்தம் ஐந்து பேரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கழகத்திலிருந்து ஒருவனுக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுக்கப்பட்டவன் போயாக வேண்டும். அவனுடைய சம்மதம் கேட்பதில்லை. அவன் மனைவியிடமும் கேட்பதில்லை. பெரும்பாலும் அவனே தொலைபேசியில் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

வெளியிலிருந்து பார்க்கிற சிலர் இதைச் சந்தை என்று எழுதுகிறார்கள். படிக்க வருத்தமாக இருக்கிறது. சந்தையில் கூச்சல் உண்டு, சாணம் உண்டு. மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். எங்கள் கூட்டத்திலோ கம்பளம் விரித்திருக்கும், காபி சூடாக இருக்கும், பல்லைப் பார்ப்பதற்கென்று பட்டம் பெற்ற மருத்துவர் இருப்பார். ஒவ்வொருவனுக்கும் ஐந்து கட்டங்கள்: வயது, சம்பளம், ஓடிய தூரம், இடக்காலா வலக்காலா, எந்த நாட்டான். ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டுமென்று இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அத்தனை நாகரிகமான ஏற்பாடு அது.

எல்மர் அர்சு ஹோண்டுராஸ் நாட்டுக் கடற்கரைக்காரன். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. இடது ஓரத்தில் பந்தோடு அவன் ஓடத் தொடங்கினால் எங்கள் அரங்கில் இருபதாயிரம் பேரும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து நிற்பார்கள். நிரந்தர வசிப்புரிமை அட்டை கிடைத்துவிட்டதால் ஒரு கழகத்துக்கு இத்தனை பேர்தான் என்று வரம்புள்ள அயல்நாட்டார் கணக்கிலும் அவன் வரமாட்டான். வேறு கழகங்கள் நாவில் நீர் ஊறப் பார்க்கிற சரக்கு. மன்னியுங்கள், அது எங்கள் அலுவலகப் பேச்சு. ஆட்டக்காரன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சென்றதற்கு முந்தின நவம்பரில் எங்கள் பருவம் முடிந்த மறுநாள், அவனும் அவன் மனைவி யெசெனியாவும் என் அறைக்கு வந்தார்கள். அவள் கையில் தகடு சுற்றிய பொட்டலம். உள்ளே பலேயாடா, பீன்ஸ் மசியலை வைத்து மடித்த ரொட்டி.

"தோன் நோர்பெர்தோ, சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க," என்றான் எல்மர். தன் ஊர் வழக்கப்படி மரியாதையாக என்னை அப்படித்தான் அழைப்பான். "லஞ்சம்னு நெனச்சுடாதீங்க."

"லஞ்சந்தான் சார்," என்றாள் யெசெனியா. "இவருக்குக் கூச்சம். எனக்கு அதெல்லாம் கிடையாது. புதுசாக் கழகம் ஆரம்பிக்கிற டல்சாக்காரங்க ஆள் பொறுக்க வராங்களாமே? என் நர்ஸ் படிப்பு முடிய இன்னும் ஏழு மாசம் இருக்கு. ஏற்கெனவே ரெண்டு ஊர்ல ரெண்டு தடவை பாதியில விட்டுட்டு இவர் பின்னாடி பொட்டியத் தூக்கிட்டு வந்தேன். மூணாவது தடவை தூக்கமாட்டேன். போறதுன்னா இவரு தனியாத்தான் போவாரு."

"கேட்டீங்களா? டல்சாவை நெனச்சாகூட எனக்கு இவ்வளவு பயம் வரல," என்று சிரித்தான் எல்மர். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "தாரியேலா இந்த வருஷந்தான் பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்து பேசவே ஆரம்பிச்சிருக்கா. என் பேரைப் போட்டுடுங்க. பன்னெண்டாவதாப் போட்டாலும் சரி. அடியில, எறும்பு சைஸ்ல எழுதினாலும் சரி."

தாரியேலா அவர்களுடைய ஏழு வயது மகள். எனக்கு மனம் இளகிவிட்டது. "எல்மர், நீ இந்த ஊரை விட்டுப் போகமாட்டே. என்னை நம்பு," என்றேன்.

இதைக் கவனியுங்கள். பட்டியலில் பெயரைப் போடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போகமாட்டாய் என்றேன். அவன் போகவில்லை. கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவன் நான்.

அடுத்த வாரம் சிகாகோவில் கழக இயக்குநர்களின் கூட்டம். காலையில் முட்டைக்காக வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் டல்சா கழகத்தின் இயக்குநர் கார்லிஸ் தட்டோடு வந்து நின்றார்.

"நார்ப், அந்த ஹோண்டுராஸ் பையன் இடது கால் எப்படி இருக்கு? பருவம் பூராவும் ஓடியும் வலி ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான். வெங்காயம் போடச் சொல்லவா, வேணாமா?"

எங்கள் தொழிலில் எவரும் எதையும் சும்மா கேட்பதில்லை. அன்று காலை எனக்கு முட்டை இறங்கவில்லை. டல்சா எல்மரைக் குறிவைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். அந்த முடிவின்மேல்தான் மற்றதெல்லாம் கட்டப்பட்டது.

டிசம்பர் முதல் செவ்வாயன்று பட்டியல் எழுத உட்கார்ந்தோம். நானும் பயிற்சியாளர் மன்ரோவும் மட்டும். மன்ரோ ஸ்காட்லாந்துக்காரர், வாயில் வந்ததை வடிகட்டிப் பழக்கமில்லாதவர். பதினோரு பெயர்களை எழுதக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாவது இடத்துக்கு நான் மிக்கெல் ஓவர்கோர் என்று எழுதினேன்.

ஓவர்கோர் டென்மார்க்கிலிருந்து வந்த முன்னணி ஆட்டக்காரன். மூன்று ஆட்டங்களை மழையில் நனைந்தபடி நானே போய்ப் பார்த்து, உரிமையாளர்களிடம் நானே வாதாடி, கழக வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் கொடுத்து அழைத்து வந்தேன். இரண்டு பருவங்களில் நான்கு கோல் போட்டிருந்தான். அவற்றில் ஒன்று அவன் முதுகில் பட்டுப் போனது.

மன்ரோ பேனாவைக் கீழே வைத்தார். "நார்ப், இவனை எதுக்குய்யா பூட்டி வெக்கிறே? ரிப்பன் கட்டி வாசல்ல நிறுத்தினாலும் இவனை எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான். அந்த எடத்துல எல்மரைப் போடு."

"ஓவர்கோர் வெளியே நின்றால் கழகத்தின் கண்ணியம் என்னாவது?" என்றேன்.

"கண்ணியமா? அது நாலு கோல்தானேய்யா போட்டிருக்கு."

"பட்டியலை எழுதுகிற பொறுப்பு என்னுடையது, மன்ரோ."

"சரி, உன் பட்டியல், உன் பாடு. எல்மர் போயிட்டா அவன் பொண்டாட்டிக்கு நீயே பதில் சொல்லிக்கோ. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

இப்படித்தான் எல்மர் பதின்மூன்றாவது ஆளானான். அவனுக்கு என் மனதில் இடமிருந்தது; காகிதத்தில்தான் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சாதாரண நிர்வாகி கையை விரித்துவிடுவான், அதிகாரி அவர்களே. நான் அப்படிப்பட்டவனல்லன். நான் அந்தக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கம் உண்டு. காயம்பட்டவனைக் காப்புப் பட்டியலில் சேர்த்து இடத்தை வீணாக்கமாட்டோம். அவனைத் திறந்த வெளியில் விடுவோம். ஊன்றுகோலோடு நிற்கிறவனை எந்தப் புதிய கழகமும் எடுப்பதில்லை. அவர்களுக்கு ஜனவரிப் பயிற்சி முகாமுக்கே ஓடுகிற கால்கள் வேண்டும். முந்தின முறை எங்கள் கோல்காவலனுக்குத் தோள் விலகியிருந்தது. வெளியில் விட்டோம். எவரும் தொடவில்லை. நல்ல நேரத்தில் நல்ல காயம் என்று பிற கழகத்தார் என் கையைக் குலுக்கினார்கள். அந்தத் தோள் விலகியதில் எனக்குப் பங்கில்லை, அது தற்செயல். ஆனால் பயனுள்ள ஒன்று தற்செயலாக வரும்வரை காத்திருப்பது பொறுப்புள்ள நிர்வாகமாகுமா என்று அன்றிரவு சிந்தித்தேன்.

மறுநாள் புதன்கிழமை பிற்பகல், ராடமாக்கரை ஐஸ்கிரீம் போன்ற உறைந்த கஸ்டர்ட் விற்கும் கடைக்கு அழைத்துப் போனேன். பனிக்காலத்திலும் காருக்குள் உட்கார்ந்து நாங்கள் அதைத் தின்போம். எங்கள் ஊரில் அது வழக்கம். அவனுக்கு முப்பத்துநான்கு வயது. அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ரிசர்வ் அணிக்கு உதவிப் பயிற்சியாளனாக வர வேண்டுமென்று ஓராண்டாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த வேலை உனக்குத்தான் கீத்," என்றேன். "அதற்கு முன்னால் எல்மருக்கு ஓர் உதவி செய்யணும்."

"அவனுக்கா? செஞ்சுட்டாப் போச்சு. என்ன உதவி?"

"திங்கட்கிழமை பட்டியல் போகும். அன்றைக்கு அவன் நொண்டிக்கொண்டிருக்கணும். ஒரு மாதம் போதும்."

அவன் கரண்டியை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனான். பிறகு, "ஜோக்கு நல்லாவே இல்ல நார்ப்," என்றான்.

நான் என் கஸ்டர்டைத் தின்றுகொண்டிருந்தேன். காரின் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே வந்தது.

"அவன் என் ரூம்மேட்டு. வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் ஒரே ரூம்லதான் படுப்போம்," என்றான்.

"அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அவன்மேல் அக்கறையில்லாதவனிடம் இந்தக் காரியத்தைக் கொடுக்க முடியுமா? கணுக்காலில் ஒரு சுளுக்கு. நாலு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம். மனைவி படிப்பை முடிப்பாள். மகள் பள்ளி மாறவேண்டாம்."

"மனுஷன் காலு என்ன தண்ணிக் குழாயா, இத்தனை சுத்து திருப்புன்னு நீங்க சொல்ல, நான் திருப்ப?"

"நீ பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவன். உனக்கு அளவு தெரியும்."

அவன் மீதிக் கஸ்டர்டைத் தின்னவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. இங்கேதான் அவனுடைய வாக்குமூலத்தில் அந்தப் பிழை இருக்கிறது. 'எல்மர் காலை உடைக்கச் சொன்னார்' என்று எழுதியிருக்கிறான். நான் உடைக்கச் சொல்லவில்லை. சுளுக்கு என்றேன். கணுக்கால் என்றேன். எத்தனை வாரம் என்றுகூடச் சொன்னேன். இவ்வளவு தெளிவாகக் கொடுத்த கட்டளையை ஒருவன் மீறினால், கட்டளை கொடுத்தவன்மேலா குற்றம்? இருந்தாலும் அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. திருத்திக்கொண்டால் போதும்.

வியாழக்கிழமை மாலை நான் காய அறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்தேன். 'எல்மர் அர்சு, இடது கணுக்கால் சுளுக்கு, நான்கு முதல் ஆறு வாரம்.' மறுநாள் தேதியிட்டேன். எல்லாக் கழகங்களுக்கும் அனுப்ப வேண்டிய அறிக்கை அது; கடைசி நேரத்தில் அவசர அவசரமாக எழுதினால் பிழை வரும். அந்தக் கோப்பு வியாழனன்று உருவானது என்பதை எங்கள் கணினியில் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, பாராட்டுகிறேன். ஆனால் முன்யோசனையைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது சரியல்ல. நான் எதையும் முன்கூட்டியே செய்து பழகியவன்.

வெள்ளியன்று காலை பனி கொட்டியது. பருவம் முடிந்தாலும் டிசம்பர் நடுவரை எங்களுக்குப் பயிற்சி உண்டு; மன்ரோ அதைக் கூரையடித் திடலுக்கு மாற்றிவிட்டார். அங்கே செயற்கைப் புல். என் அறையின் சன்னல் அந்தத் திடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் உள்ளே வரும்போதே ஒன்று எனக்குத் தெரிந்தது. மண்ணில் வளர்ந்த புல்லில் அடிபட்டால் ஊன்றிய கால் சறுக்கி விலகிக்கொள்ளும். செயற்கைப் புல்லில் ஊன்றிய கால் ஊன்றியபடியே நிற்கும். பத்தொன்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது தெரியாமலிருக்குமா? தெரியும். மேசைமேல் தொலைபேசி இருந்தது. மன்ரோவுக்கு அழைத்து, 'ராடமாக்கரை மேலே அனுப்புங்கள்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். பதினோரு நிமிடம் இருந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் நான் காபி குடித்தேன்.

ஏன் அழைக்கவில்லை என்று கேட்பீர்கள். அழைத்தால் காரணம் கேட்பார்கள். அதைவிடவும், திங்கட்கிழமைக்கு முன் வேறொரு பயிற்சி நாள் கிடையாது.

பந்து இடது ஓரத்தில் எல்மரிடம் வந்தது. அவன் உடலை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி மறுபக்கம் போகிறவன். ராடமாக்கருக்கு அது மனப்பாடம். பந்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து விழுந்தான். சன்னல் கண்ணாடி இரட்டைக் கண்ணாடி. எனக்கு ஓசை கேட்கவில்லை. மன்ரோ திரும்பி நின்று தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தேன். அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. எலும்பு கூடிவிடும், அதிகாரி அவர்களே. எலும்பில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் சதை வீங்கி இரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டது. மருத்துவர்கள் சதையைக் கீறித் திறந்துவிடுவதற்குள் நரம்பு செத்துப்போயிற்று. இன்றைக்கு எல்மரின் இடது பாதம் தானாக மேலே எழாது. பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் காலணிக்குள் கட்டிக்கொண்டு நடக்கிறான். மாடிப்படியில் இறங்கும்போது தாரியேலா முன்னால் போய் நின்றுகொள்கிறாள். அப்பா விழுந்தால் பிடித்துக்கொள்வதற்காம்.

மருத்துவமனையில் அன்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள், பேச்சு குழறியது.

"தோன் நோர்பெர்தோ, கீத் மேல கோபப்படாதீங்க. வெளையாட்டுல நடக்கறதுதான். பாவம், அவன் வெளியில நின்னு அழுதுட்டிருக்கான்."

"நீ அதையெல்லாம் நினைக்காதே," என்றேன்.

"டல்சாக்காரங்க இனிமே என்னைத் தொடமாட்டாங்க இல்ல?"

"தொடமாட்டார்கள்."

"அப்ப சரி," என்றான். "யெசெனியா, கேட்டியா? பொட்டியக் கட்ட வேணாம்."

யெசெனியா கட்டில் கம்பியைப் பிடித்தபடி அவனுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவிலியாகப் படித்துக்கொண்டிருந்தவள் அல்லவா, பாதத்தின் நிறத்தைப் பார்த்து அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. மருத்துவரைக் கூப்பிட ஓடினாள். அப்போது மணி ஐந்தேகால். நான் மீன் வறுவலுக்குக் கிளம்பினேன்.

கிளம்புமுன் சட்டைப்பையில் வைத்திருந்த அறிக்கைத் தாளில் 'சுளுக்கு' என்பதை அடித்துவிட்டு 'முறிவு' என்று திருத்தினேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதில் நான் கண்டிப்பானவன்.

திங்களன்று பட்டியல் போயிற்று. புதனன்று டல்சா தன் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் கழகத்திலிருந்து எவரையும் எடுக்கவில்லை. வாழ்த்துச் சொல்ல கார்லிஸை அழைத்தேன், அது மரபு.

"அந்தப் பையனைக் கேள்விப்பட்டேன் நார்ப், மனசுக்குக் கஷ்டமாப் போச்சு," என்றார்.

"நீங்கள் அவனைத்தானே குறிவைத்திருந்தீர்கள்?"

"யாரு, நாங்களா? எங்க கிட்ட எடது ஓரத்துக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்களே. உங்க கழகத்துப் பட்டியலை நாங்க பொரட்டிக்கூடப் பாக்கல."

"சிகாகோவில் அவன் காலைப் பற்றிக் கேட்டீர்களே?"

அவர் சிரித்தார். "அன்னைக்கு ஒவ்வொரு கழகத்துக்காரன்கிட்டயும் ஒரு பேரைச் சொல்லிக் கேட்டேன்ப்பா. எல்லாரும் தப்பான ஆளை ஒளிச்சு வெச்சா எனக்கு நல்ல ஆள் கெடைப்பான் இல்ல? நீயும் இதெல்லாம் பண்ணினவன்தானே."

உண்மை. நானும் பண்ணியிருக்கிறேன். எங்கள் தொழிலில் வயதானவர்கள்கூட அந்தத் தூண்டிலில் சிக்குவார்கள். எனக்கு அன்று சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது ஒரு தெளிவு வந்தது. டல்சா எடுக்க நினைத்ததா இல்லையா என்பது அவர்களுடைய விஷயம். எடுக்கக்கூடாது என்பதில் நான் காட்டிய உறுதி என்னுடையது. அந்த உறுதி, கார்லிஸின் தந்திரத்தால் மதிப்புக் குறைந்துபோகாது.

ஓராண்டு எல்மருக்குச் சம்பளம் கொடுத்தோம், ஒப்பந்தத்தில் இருந்தது. சென்ற நவம்பரில் அவன் ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்ற கடிதத்தில் நான் கையெழுத்திட்டேன். ஓடமுடியாதவனைக் கழகத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்பது அவனுக்கே தெரியும். யெசெனியா படிப்பை முடித்துவிட்டாள். அதே மருத்துவமனையில் வேலையும் கிடைத்திருக்கிறது. மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். குடும்பம் அதே வீட்டில் இருக்கிறது. அந்த நவம்பரில் அவர்கள் என்னிடம் கேட்டது இந்த மூன்றும்தான், அதிகாரி அவர்களே. மூன்றும் நடந்திருக்கின்றன.

ராடமாக்கருக்குச் சொன்ன வேலையையும் கொடுத்தேன். அவன் நிம்மதியாக இருந்திருக்கலாம். எல்மர்தான் செவ்வாய்தோறும் ரிசர்வ் அணியின் பயிற்சியைப் பார்க்க வந்து, அவனருகே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வானாம். "கீத், என்னடா இப்படி எளச்சுட்டே? ஒழுங்காச் சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்பானாம். பதினான்கு மாதம் அந்த மன்னிப்பைத் தாங்கிப் பார்த்து, முடியாமல், உங்களிடம் ஓடி வந்திருக்கிறான். பலவீனமான மனம். எல்மர் என் அறைக்கும் வருகிறான். எனக்கும் பலேயாடா கொண்டுவருகிறான். நான் தாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஓவர்கோரின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் எல்மரின் பெயரை எழுதியிருக்கலாமே என்றீர்கள். கால்பந்தில் ஆர்வமில்லாதவர் கேட்கிற கேள்வி; ஆனாலும் நியாயமான கேள்வி. எழுதியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஓவர்கோரை எவரும் எடுத்திருக்கமாட்டார்கள். எல்மர் இன்றும் ஓடிக்கொண்டிருப்பான். மன்ரோ சொன்ன அன்றே எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் செய்தித்தாளில் வரும். உரிமையாளர்கள் படிப்பார்கள், ஊர் படிக்கும். ஜெலின்ஸ்கி தான் கொண்டுவந்த ஆளைத் தானே கைவிட்டுவிட்டான், ஆள் தேர்வில் தவறிவிட்டான் என்று பேசுவார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் என்னைப் பற்றி எவரும் அப்படிப் பேசியதில்லை.

ஆம், நான்தான் செய்யச் சொன்னேன். தெரிந்து சொன்னேன், தடுக்க முடிந்தபோதும் தடுக்கவில்லை. இதன்கீழ் கையெழுத்திடுகிறேன். கணுக்கால் என்ற சொல்லை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எல்மருக்கு இதெல்லாம் தெரியவேண்டாம். இந்த ஊரில் தன்னைத் தக்கவைக்கப் போராடியவன் ஒருவன் இருந்தான் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அந்த ஏழைக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் அவனிடமிருந்து பறிக்கிற அளவுக்கு நீங்கள் கொடியவராக இருக்கமாட்டீர்கள்.